பம்பாய் மீனவர் குரலும் கிங்க்ஸ் குழுவின் ஒரு பாட்டும்

கேள்வி: பீட்டில்ஸ் சித்தாரைத் தொடுவதற்கு முன்பே இந்திய வாசனையோடு வந்த முதல் ராக் பாட்டு பிரிட்டனின் கிங்க்ஸ் குழுவின் ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ என்கிறார்கள். அது பம்பாயில் பிறந்த பாட்டு என்பது உண்மையா? உண்மையென்றால் அது ஏன் இவ்வளவு பேருக்குத் தெரியாமல் போனது?

பம்பாய் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், விதை அங்கேதான் விழுந்தது. பாட்டை எழுதிய ரே டேவிஸே அதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1965 ஜனவரியில் கிங்க்ஸ் குழு, மேன்ஃபிரட் மேன், ஹனிகோம்ப்ஸ் ஆகிய குழுக்களோடு சேர்ந்து ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் கிளம்பியது. போகிற வழியில் பம்பாயில் தங்கல். விடியற்காலையில் எழுந்து கடற்கரைக்குப் போன ரேவுக்குத் தூரத்தில் ஏதோ கூட்டுக்குரல் கேட்டிருக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்த பிறகுதான், வலைகளைச் சுமந்துகொண்டு தொழிலுக்குப் போகும் மீனவர்கள் பாடிக்கொண்டே வருகிறார்கள் என்று புரிந்தது. அப்போது அவருக்கு வயது 20.

அவர் கேட்டது கச்சேரி இல்லை, ரவிசங்கரின் இசைத்தட்டும் இல்லை. நம் கரையோரத்தில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு இருக்கிறதே, அந்த இனத்தைச் சேர்ந்த உழைப்புக் குரல். அறுபதுகளின் ராக் இசையில் ‘இந்தியத் தாக்கம்’ என்று பட்டியல் போடும்போது வருகிற பாட்டுகள் பெரும்பாலும் வட இந்திய சாஸ்திரிய இசையின் வழியாக, அதிலும் சித்தார் என்ற ஒற்றை வாத்தியத்தின் வழியாக வந்தவை. இந்தப் பாட்டு வந்த வழி வேறு. அது யாருக்கும் தெரியாமல் போனதற்கும் இந்த வேறுபாடுதான் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாட்டைக் கேட்காதவர்களுக்காகக் கொஞ்சம் வர்ணனை. மொத்தம் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. தொடங்கும்போதே கிட்டார் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு ரீங்கரிக்கிறது. பாட்டு முடியும்வரை அந்த ரீங்காரம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. பன்னிரண்டு கம்பி கிட்டாரை, ஸ்பீக்கர் ஒலி திரும்பிவந்து ஊளையிடும் ஃபீட்பேக் கிளம்பும் எல்லைவரை கொண்டுபோய் நிறுத்தி எடுத்த ஒலி அது. சித்தாரும் இல்லை, தபலாவும் இல்லை. அதன் மேல் ரே பாடுகிறார்: மூக்கால், சோம்பலாக, ஒரு அசையிலிருந்து அடுத்த அசைக்கு இழைந்து சரிந்து. நடுப்பகுதியில் மட்டும் மெட்டு கிளம்பி வேறெங்கோ போகப் பார்க்கிறது. ஆனால் சீக்கிரமே பழைய இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தம்புரா சுருதி கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இதில் என்ன புதுமை என்று தோன்றும். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பாப் பாட்டு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாற்றங்களால் நடப்பது. கார்டு மாறினால்தான் பாட்டு முன்னே போகிறது என்று கேட்பவர் உணர்வார். வானொலியில் வந்த பாட்டுகள் எல்லாமே ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஓட மறுத்து ஒரே சுரத்தின் மேல் நின்ற பாட்டு இது. பம்பாய் மீனவர்களிடமிருந்து ரே எடுத்துக்கொண்டது ராகமோ தாளமோ இல்லை, அந்த நிலைகொள்ளல்தான் என்று நான் சொல்வேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். அதற்கு அவசரமே கிடையாது. நெருங்கி வந்து, கடந்து போய்விடும்.

இந்தக் குழுவுக்கு ஒலியைத் தோண்டிப் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. 1964 ஆகஸ்டில் வந்த ‘யூ ரியலி காட் மீ’ பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. அதன் கரகரப்பான கிட்டார் ஒலி, ரேவின் தம்பி டேவ் டேவிஸ் தன்னுடைய சின்ன எல்பிகோ ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கீறிவிட்டு வாசித்ததால் கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் வந்த வெற்றிப் பாட்டுகள் பெரும்பாலும் அதே அச்சில் வார்த்தவை. அந்தச் சுற்றுப்பயணம் முடிந்து திரும்பிய கையோடு, 1965 மார்ச்சில் வெளியான ‘கிண்டா கிங்க்ஸ்’ எல்.பி. தட்டையும் இரண்டே வாரங்களில் அவசர அவசரமாக முடித்தார்கள். பம்பாயில் கேட்டது அந்தத் தட்டில் எங்கும் இல்லை. அந்தக் குரல் ரேவுக்குள் ஊறுவதற்குக் கொஞ்ச காலம் எடுத்திருக்கிறது.

ஊறியது எதோடு என்பதுதான் இந்தப் பாட்டின் மறுபாதி.

வட லண்டனில் மஸ்வெல் ஹில் பக்கத்தில் வளர்ந்த டேவிஸ் குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகள். மூத்தவர்கள் ஆறு பேரும் அக்காமார். ரே ஏழாவது, டேவ் கடைசி. அக்காமாரில் ஒருவரான ரெனே கல்யாணமாகிக் கனடா போய், பிறகு ஊர் திரும்பியவர். அவருக்கு இருதயக் கோளாறு. உடம்பை வருத்திக்கொள்ளக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவருக்கு நடனம் என்றால் உயிர். 1957 ஜூனில், ரேவின் 13ஆம் பிறந்தநாளை ஒட்டி அவருக்கு ஒரு ஸ்பானிஷ் கிட்டார் வாங்கிக் கொடுத்தார். அன்றிரவே லைசியம் நடன அரங்குக்குப் போனவர், ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துபோனார். தம்பி கையில் கிட்டார், அக்கா இல்லை. ரே டேவிஸின் இசை வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ ரெனேயின் சாவை மனத்தில் வைத்து எழுதிய பாட்டு என்று ரே பின்னாளில் சொன்னார். சொற்களைப் பார்த்தாலே அது தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நண்பர்கள் இருக்கிறார்கள். அவள் போய்விட்டாள். அவள் இடத்துக்கு இனி ஆள் இல்லை. நானும் அவளோடு போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மொத்தப் பாட்டும் இதே சில வாக்கியங்கள்தான், திரும்பத் திரும்ப. பிரிட்டனில் தேவாலயப் பாட்டு கேட்டு வளர்ந்த யாருக்கும் ஆற்றைக் கடப்பது என்றால் சாவுதான் நினைவுக்கு வரும். துக்கம் வந்தவர்கள் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அழுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதற்குக் கார்டு மாற்றம் தேவையில்லை. அந்தப் பையனுக்கு எட்டு வருஷமாகச் சொல்லத் தெரியாமல் இருந்த ஒன்றைச் சொல்வதற்கான வடிவத்தை முன்பின் தெரியாத மீனவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்தப் பாட்டைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கும் முக்கியமான விஷயம் இதுதான். இந்திய இசையை அலங்காரமாக ஒட்டிவைத்த பாட்டு என்று இதைப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு தகவலையும் சேர்த்துப் பார்க்கலாம். அந்தச் சுற்றுப்பயணம் போன ஆஸ்திரேலியாவில்தான், 1964இல் கணவரோடு குடியேறிப் போயிருந்த இன்னொரு அக்கா ரோஸ் இருந்தார். ரேவை ஏறக்குறையத் தாய்போல வளர்த்தவர் அவர். செத்துப்போன ஒரு அக்கா, கடல் தாண்டிப் போன ஒரு அக்கா. அப்படி ஒரு பயணத்தின் நடுவில் விடியலில் கரையில் நின்ற பையனின் காதில் விழுந்த குரல் அது.

பாட்டுக்கு இரண்டாவது பொருளும் உண்டு, அதையும் தந்தவர் ரேதான். பெண்ணை இழந்த ஒருவன், தன் பாலுணர்வு எந்தப் பக்கம் என்று தெரியாமல், ஆண் நண்பர்களைப் பார்த்து நிற்பதைப் பற்றியது என்று பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையேயான உறவு 1967 வரை சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பாப் பாட்டில் இதைத் தொடுவதற்குத் துணிச்சல் வேண்டும். இரண்டு விளக்கங்களில் எது சரி என்று சிலர் வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டு இரண்டையும் தாங்குகிறது. இக்கரையில் தனியாக நிற்பவன் அக்கரையைப் பார்க்கிறான். அக்கரையில் சாவு இருக்கிறதா, இன்னொரு வாழ்க்கை இருக்கிறதா என்று அவனுக்கே தெரியவில்லை. அந்தத் தெளிவின்மையை ரே வேண்டுமென்றே விட்டுவைத்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு நடந்தது 1965இன் முற்பாதியில், ஷெல் டால்மி தயாரிப்பில். ரே, டேவ், பேஸ் வாசித்த பீட் குவைஃப், டிரம்ஸ் வாசித்த மிக் ஏவரி என்று குழுவில் நான்கு பேர். அந்த மாதங்கள் அவர்களுக்கு மிக மோசமான மாதங்கள். மே மாதம் கார்டிஃப் நகரில், மேடையிலேயே டேவுக்கும் மிக் ஏவரிக்கும் சண்டை முற்றி, டிரம்ஸ் செட்டின் ஒரு பாகத்தால் அடிபட்ட டேவின் தலையில் 16 தையல் போட வேண்டியிருந்தது. குழு கலைந்துவிடும் என்றே பலரும் நினைத்தார்கள். கோடையில் அமெரிக்கப் பயணம் போனார்கள். அது தகராறுகளில் முடிந்து, அங்குள்ள இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு அனுமதி தர மறுத்தது. 1969 வரை அவர்களால் அமெரிக்காவில் கால்வைத்து வாசிக்க முடியவில்லை.

இந்தக் களேபரத்தின் நடுவில், 1965 ஜூலை 30 அன்று பை என்ற இசைத்தட்டு நிறுவனம் ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டைச் சிங்கிளாக, அதாவது சிறு தனித்தட்டாக, வெளியிட்டது. ஒரு வாரத்துக்கு முன்புதான் பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’ வந்திருந்தது. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’, பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ இரண்டும் பிரிட்டனில் இறங்கின. அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் இந்த முனகல் பிரிட்டிஷ் பட்டியலில் 10ஆம் இடம்வரை வந்ததே பெரிது என்று எனக்குத் தோன்றும். கிங்க்ஸுக்கு அப்படித் தோன்றவில்லை. ‘யூ ரியலி காட் மீ’, ‘டயர்ட் ஆஃப் வெயிட்டிங் ஃபார் யூ’ என்று முதலிடத்தையே பார்த்துப் பழகிய குழு அது. அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம்: பில்போர்டு பத்திரிகையின் முதல் 100 பாட்டுகள் பட்டியலுக்குள்ளேயே இது நுழையவில்லை.

ரேவுக்கு இது ஆழமாகத் தைத்தது. தனக்கு உண்மையிலேயே பிடித்த பாட்டு இது ஒன்றுதான், தன்னிடம் இருந்ததையெல்லாம் இதில் கொட்டியிருக்கிறேன், ஆனால் ஜனங்கள் வாங்கவில்லையே என்று பத்திரிகையில் வெளிப்படையாகவே பொருமினார். வாங்காதவர்களைத் திட்டவும் செய்தார். ஒரு பாப் பாடகர் தன் ரசிகர்களைப் பற்றி அப்படிப் பேசுவது வழக்கமில்லை. பேசியது நியாயமா என்பது வேறு விஷயம். அந்தக் கோபத்தின் அளவு இந்தப் பாட்டு அவருக்கு என்னவாக இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

சக கலைஞர்கள் கேட்ட விதம் வேறு. ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் இதைப் பெரிதும் புகழ்ந்தவர். ரீங்காரத்தை ராக் இசையில் ஒழுங்காகப் பயன்படுத்திய முதல் பாட்டு இதுதான், பீட்டில்ஸ் செய்ததைவிட மேலானது, அவர்களுக்கு வெகு முன்னால் வந்தது என்பது அவர் கருத்து. அதோடு அவர் சேர்த்துச் சொன்ன ஒன்று கூர்மையானது: இதன் ஒலி அடிப்படையில் ஐரோப்பிய ஒலிதான், கிழக்கின் தாக்கம் அதன் மேல் முறையாக வந்து அமர்ந்திருக்கிறது என்றார். பிரிட்டிஷ் தீவுகளின் நாட்டுப்பாடல்களில், பேக்பைப்பில், ரீங்காரம் என்றும் இருந்தது. டேவி கிரஹாம் என்ற கிட்டார் கலைஞர் அறுபதுகளின் தொடக்கத்திலேயே கிட்டாரின் சுருதியை மாற்றிக்கட்டி, அயர்லாந்துப் பாட்டு ஒன்றைக் கிட்டத்தட்ட ராக ஆலாபனை போல வாசித்திருந்தார். ராக் குழுக்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். இன்னொரு சாட்சி, ஓவியரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான பேரி ஃபேன்டோனி. பீட்டில்ஸ் ஒரு மாலையில் உட்கார்ந்து இந்தத் தட்டைக் கேட்டதையும், கிட்டார் சித்தார் போலக் கேட்கிறது, நமக்கும் ஒன்று வேண்டும் என்று பேசிக்கொண்டதையும் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இப்போது ‘முதல் பாட்டா’ என்ற கேள்வி. வெளிவந்த தேதியை மட்டும் பார்த்தால் யார்ட்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ ஜூன் மாதமே வந்துவிட்டது. 2ஆம் இடம்வரை போன பாட்டு. அதற்கு முதலில் ஒரு சித்தார் கலைஞரை வரவழைத்து வாசிக்க வைத்தார்கள். ஒலி எடுபடவில்லை என்று, ஜெஃப் பெக் அதே மெட்டைக் கிட்டாரில் சித்தார் சாயலோடு வாசித்தார். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசனும் அந்த வசந்தத்தில் ‘ஹெல்ப்!’ படப்பிடிப்பில் சித்தாரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். பீட்டில்ஸ் சித்தாரோடு பாடிய ‘நார்வீஜியன் வுட்’ பதிவானது அக்டோபரில், வெளிவந்தது டிசம்பரில். ஆகவே கிங்க்ஸ் பீட்டில்ஸுக்கு முந்தியது உறுதி. யார்ட்பேர்ட்ஸுக்கு முந்தியதாகச் சொல்ல, பதிவான தேதிகளைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். அந்தப் பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்’ பாட்டிலிருந்து அந்தக் கிட்டார் துணுக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது நல்ல பிரிட்டிஷ் பாப் பாட்டு. ‘நார்வீஜியன் வுட்’ பாட்டிலிருந்து சித்தாரை எடுத்தாலும் நல்ல நாட்டுப்பாடல் ஒன்று மிஞ்சும். ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ பாட்டிலிருந்து ரீங்காரத்தை எடுத்தால் பாட்டே இல்லை. பீட்டில்ஸ் இந்த இடத்துக்கு வந்தது 1966இல், தம்புராவை வைத்து ஒரே கார்டில் நின்ற ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டில்தான்.

பிறகு ஏன் தெரியாமல் போனது? முதல் காரணம் நான் தொடக்கத்தில் சொன்னது. சுட்டிக்காட்ட ஒரு சித்தார் இல்லை. 1966இல் பத்திரிகைகள் ‘ராகா ராக்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு எழுதத் தொடங்கியபோது, படம் எடுத்துப் போட ஒரு வாத்தியம் தேவைப்பட்டது. பெயர் தெரியாத மீனவர்கள் அதற்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது, அந்தக் காலப் பிரிட்டிஷ் வழக்கப்படி இது தனி சிங்கிளாக மட்டும் வந்தது. அங்கே வெளியான எந்தப் புது எல்.பி.யிலும் சேர்க்கப்படவில்லை. அமெரிக்காவில் ‘கிங்க்ஸ் கிங்க்டம்’ என்ற தொகுப்புத் தட்டில் சேர்த்தார்கள், ஆனால் குழுவே அங்கே போய் வாசிக்க முடியாத நிலை. மூன்றாவது, ரேவே அந்த வழியில் அதிகம் நடக்கவில்லை. 1966இல் ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ தட்டில் உள்ள ‘ஃபேன்சி’ பாட்டில் அதே ரீங்காரத்தை மறுபடி தொட்டார். அது அழகான பாட்டு, இதன் தங்கை என்றே சொல்லலாம். அதற்குள் அவர் கவனம் ஆங்கிலேய நடுத்தர வர்க்க வாழ்க்கையைப் பாடுவதன் பக்கம் போய்விட்டது. ‘சன்னி ஆஃப்டர்நூன்’ முதலிடம் பிடித்தது, மறுவருஷம் ‘வாட்டர்லூ சன்செட்’ வந்தது. கிங்க்ஸ் என்றால் இனி இதுதான் என்று உலகம் முடிவு செய்துகொண்டது.

பிற்காலத்தில் மதிப்பு கூடியது. மேற்கத்திய பாப் இசையில் இந்தியத் தாக்கத்தை ஆராய்பவர்கள் இப்போது இந்தப் பாட்டைத் தவிர்த்துவிட்டுப் பேசுவதில்லை. 2010இல் ரே மற்ற கலைஞர்களோடு சேர்ந்து தன் பழைய பாட்டுகளைப் பாடிய தொகுப்புக்கு ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ என்றே பெயர் வைத்தார். அந்தப் பாட்டை அவரோடு வாசித்தது அமெரிக்காவின் ஸ்பூன் குழு. மரியாதையான பதிவுதான், ஆனால் ஒலி சுத்தமாகிவிட்டதால் பழைய பதிவின் மூச்சுத்திணறல் அதில் இல்லை. ரெனேயை ரே மறுபடி பாடியது 1980களில், ‘கம் டான்சிங்’ பாட்டில். நடன அரங்குக்குப் போகும் அக்காவைப் பற்றிய குதூகலமான பாட்டு. அமெரிக்காவில் 6ஆம் இடம்வரை போனது. அதை ஆடிப் பாடிய பெரும்பாலோருக்கு அந்த அக்கா நடன அரங்கிலிருந்து வீடு திரும்பாதவர் என்பது தெரியாது.

கேட்க விரும்பினால் 1965இன் மூல மோனோ பதிவைத் தேடுங்கள். ‘கிண்டா கிங்க்ஸ்’ தட்டின் பிற்கால சி.டி. வெளியீடுகளில் கூடுதல் பாட்டாகச் சேர்த்திருக்கிறார்கள். செல்போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அடியில் ஓடும் ரீங்காரம் காணாமல் போய்விடும், பிறகு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் முறை ரேவின் குரலை விட்டுவிட்டு அந்தக் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அது முடிந்ததும் ‘ஃபேன்சி’ பாட்டையும் கேட்டுவிடுங்கள்.